ஸ்கேனர் ரேடியோ: பாட்டிக்கு எதற்குப் பரீட்சை?

அமெரிக்காவில் ஸ்கேனர் என்று ஒரு வஸ்து விற்கிறார்கள். (காகிதத்தைப் படம் பிடிக்கிற ஸ்கேனர் இல்லை சாமி, இது ரேடியோ.) தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் ஆட்கள் வாக்கி டாக்கியில் பேசிக்கொள்வதை வீட்டில் இருந்தபடியே கேட்கலாம். சானல் சானலாகத் தாவிக்கொண்டே போய், எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நிற்கும். வீட்டில் உட்கார்ந்து கேட்பது அங்கே பொதுவாகக் குற்றமும் இல்லை.

வேலையத்தவர்கள் ஒட்டுக் கேட்கிற சமாச்சாரம் என்று சிரிப்பவர்கள் 2018 நவம்பர் 8-ஐ நினைத்துப் பார்க்கட்டும். கலிஃபோர்னியாவில் பாரடைஸ் என்கிற மலையூர் அன்று காட்டுத்தீயில் எரிந்துபோனது. 85 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஊரைக் காலி செய்யச் சொன்ன எச்சரிக்கை பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. செல்போன் டவர்களையும் தீ விட்டு வைக்கவில்லை. அப்படிப்பட்ட காலை நேரத்தில் 'தீ எந்தத் தெருவைத் தாண்டிவிட்டது' என்பது முதலில் பேசப்படுவது தீயணைப்பு வண்டியின் ரேடியோவில்தான். தனியாக இருக்கிற 70 வயதுப் பாட்டியின் சமையலறையில் இருக்க வேண்டிய பெட்டி இது.

அந்தப் பாட்டியால் இதை இயக்க முடியுமா என்றால், சத்தியமாக முடியாது. தப்பு பாட்டி மேல் இல்லை.

1970-களில் ஒவ்வொரு சானலுக்கும் ஒரு கிரிஸ்டல் வாங்கி உள்ளே செருக வேண்டும். எட்டு சானல் என்றால் எட்டு கிரிஸ்டல். பழங்காலத்து மெஷின்தான், ஆனால் ஊருக்கு ஏற்ற கிரிஸ்டலைச் செருகிவிட்டால் அப்புறம் ஆன் செய்வது மட்டும்தான் பாக்கி. பிறகு நம்பர் கீபோர்டு வந்தது, அதோடு அலைவரிசையைத் தேடிக் கண்டுபிடித்து அடிக்கும் வேலை வாங்கியவர் தலையில் விழுந்தது. முன்னேற்றமாம்!

அதற்கப்புறம் வந்தது டிரங்கிங். இங்கேதான் சாதாரண ஜனங்கள் மொத்தமாகக் கழன்று கொண்டார்கள். பேங்கில் டோக்கன் கொடுத்து எந்த கவுன்டர் காலியோ அங்கே அனுப்புவார்கள் இல்லையா, அதே கதை. பத்துப் பன்னிரண்டு அலைவரிசைகளை மாவட்டமே பங்கு போட்டுக்கொள்ளும். யார் மைக்கை அழுத்துகிறாரோ அவருக்கு அந்த நொடியில் காலியாக இருப்பது கிடைக்கும். டோக்கன் நம்பருக்கு டாக்குரூப் என்று பெயர். எந்த டோக்கன் எந்த கவுன்டருக்கு என்று அறிவித்துக்கொண்டே இருப்பது கன்ட்ரோல் சானல். இதையெல்லாம் கற்றுக்கொண்டு, நம்பர் நம்பராகப் புரோகிராம் செய்த பிறகுதான் பெட்டி வாயைத் திறக்கும்.

'மேனுவலைப் படிக்கச் சோம்பேறித்தனம்' என்பது பழம் தின்று கொட்டை போட்ட ஸ்கேனர் ரசிகர்களின் பதில். செல்போனும் இதே வேலையைத்தான் செய்கிறது, இதைவிடச் சிக்கலாகவே செய்கிறது. டவர் மாறும், அலைவரிசை மாறும். கன்ட்ரோல் சானல் தெரியாது என்பதற்காக யாருக்காவது போன் போகாமல் இருந்திருக்கிறதா? அந்தக் கஷ்டத்தை மெஷின் படுகிறது. ஸ்கேனரில் மட்டும் மனுஷன் பட வேண்டுமா?

முடியும் என்பதற்குச் சாட்சியும் உண்டு. 2010-ல் யூனிடன் கம்பெனி ஹோம்பேட்ரோல்-1 என்று ஒன்றை விட்டது. தொடுதிரையில் ஐந்து இலக்க ஜிப் கோடை அடித்தால் போதும், அந்த ஊர் ரேடியோ எல்லாம் பேச ஆரம்பித்துவிடும். உள்ளே இருந்தது ரேடியோரெஃபரன்ஸ் தளத்தில் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த தகவல். விஷயம் தெரிந்தவர்கள் ஒருமுறை உழைத்தார்கள், மற்றவர்கள் சொந்த ஊர் பின்கோடைச் சொன்னால் போதும். இதுதான் சரியான டிசைன்.

ஆனால் பாதியில் விட்டுவிட்டார்கள். விலை சுமார் 500 டாலர். தகவலைப் புதுப்பிக்க விண்டோஸ் கம்ப்யூட்டரும் கேபிளும் வேண்டும், பாட்டி எங்கே போவார்? பல டவர்கள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்புகிற ஊர்களில் குரல் குழறும். 2018-ல் வந்த எஸ்.டி.எஸ்.100 அந்தக் குழறலைப் பெரிய அளவில் தீர்த்தது. அதிலும் ஜிப் கோடு உண்டு. ஆனால் அதன் மேலேயே ஃபேவரிட் லிஸ்ட், சிஸ்டம், டிபார்ட்மென்ட் என்று அடுக்கடுக்காக மெனு, ஒவ்வொரு அடுக்குக்கும் குயிக் கீ நம்பர்! நல்ல காதை எடுத்து, பொட்டி தட்டுகிறவர்கள் மட்டும் நுழையக்கூடிய வீட்டில் பூட்டி வைத்துவிட்டார்கள். விலையும் 700 டாலர் பக்கம்.

வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் இது தற்கொலை. டென்வர் போலீஸ் 2019-ல் ரேடியோவை ரகசியக் குறியீட்டுக்கு மாற்றியது. நியூயார்க் போலீஸ் 2023-ல் தொடங்கியது. போலீஸ் பேச்சுக்காகவே வாங்கிய கூட்டம் கரைந்துகொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது தீ, புயல், வெள்ளத்துக்காகக் கேட்கிற வீட்டு ஜனங்கள். அவர்களை விரட்டிவிட்டு, ஏற்கெனவே நாலு ஸ்கேனர் வைத்திருக்கிறவருக்கு ஐந்தாவதை விற்பதற்குப் பெயர் மார்க்கெட்டிங்காம் :-) எளிமையாக்கினால் திருடர்கள் கேட்பார்களே என்கிறவர்களுக்கு ஒரு தகவல்: செல்போன் ஆப்பில் இது ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. டவர் எரிந்தால் ஆப் செத்துப்போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னதான் வேண்டும்? ஒரு வால்யூம் திருகு. 'இது வேண்டாம்' என்று ஒரு பட்டன், 'மறுபடி சொல்' என்று இன்னொன்று. ஜிபிஎஸ்ஸும் வைஃபையும் உள்ளேயே இருந்தால் ஜிப் கோடு, கேபிள் இரண்டும் வேண்டாம். திரையில் 154 புள்ளி என்னமோ என்று நம்பர் வராமல் 'தீயணைப்பு, உங்கள் ஊர்' என்று வரட்டும்.

இதைவிட முக்கியம், பெட்டி மௌனமாக இருக்கும்போது என்ன செய்கிறது என்பது. ஸ்கேனரின் மௌனத்துக்கு நாலு அர்த்தம். யாரும் பேசவில்லை, சிக்னல் எட்டவில்லை, பேச்சு பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது தகவல் பழசாகிவிட்டது. விவரம் தெரிந்தவருக்குத் திரையின் மூலையில் ஓடுகிற எழுத்துகளைப் பார்த்தால் புரியும். பாட்டிக்கு நாலும் ஒன்றுதான். 'எல்லாம் சரியாக இருக்கிறது, இப்போது யாரும் பேசவில்லை' என்று ஒரு வரி காட்ட எந்த நிறுவனத்துக்கும் கோடி ரூபாய் ஆகாது. அந்த ஒரு வரி இல்லாததால் ரிப்பேர் என்று நினைத்து மூன்றாம் நாள் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி, பேரன் வரும்போது பார்க்கட்டும் என்று அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறார் பாட்டி.