பெட்டி மேல இருக்கிற நம்பரை நம்பாதீங்க!

தாம்பரத்துல ரூம் எடுத்து பேண்ட் ஆரம்பிச்சாச்சு. நாலு பேர் காசு போட்டாச்சு. அடுத்த கேள்வி: "எத்தனை சேனல் இன்டர்ஃபேஸ் வாங்கலாம் மச்சி?"

பெட்டி மேல இருக்கிற நம்பரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ8-ஐ எடுத்துக்கோங்க. 18 இன்புட் உண்மைதான். ஆனா மைக் ப்ரீஆம்ப் 4 மட்டுமே. இன்னொரு 4 லைன் இன்புட். மீதி 10 டிஜிட்டல். அதுல மைக்கை நேரா செருக முடியாது. தனியா இன்னொரு ப்ரீஆம்ப் வாங்கணும்.

நீங்க எண்ண வேண்டியது ஒண்ணுதான்: ஒரே நேரத்துல எத்தனை மைக் ஓடும்?

முதல்ல கிடார், அப்புறம் பாட்டுன்னு ஒவ்வொண்ணா பதிவு பண்றவங்களுக்கு 2 தாராளம். மிச்சக் காசுல நல்ல மைக், ஹெட்ஃபோன் வாங்குங்க. எதிரொலி குறைய சுவருல கனமான போர்வை தொங்கவிடுங்க. மின்சார ரயில் ஹாரனுக்கும் மீனம்பாக்கம் விமானத்துக்கும் எந்த இன்டர்ஃபேஸும் மருந்தில்ல. கடைசி ரயில் போனப்புறம் பாடுங்க.

ஆனா சேர்ந்து வாசிக்கிற பேண்டுக்குக் கணக்கு வேற. மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பின்னு 2 மைக், பாட்டு 1, வயலின் 1. நாலு ஆச்சு! டிரம்ஸ் செட்டுன்னா 8 கூட வேணும். இங்க கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாசிக்கும்போது வர்ற அந்தத் துள்ளல், தனித்தனியா பதிவு பண்ணி ஒட்டினா வராது.

காசு எண்ணுறதுக்கு முன்னாடி மைக்கை எண்ணுங்க.