இரு திருநெல்வேலிகள்

திருநெல்வேலிகள் இரண்டு உள. ஒன்று, தாமிரபரணிக் கரையில் நாம் வாழும் ஊர். மற்றொன்று, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஊர். நம் ஆற்றின் பெயரை நினைவூட்டும் 'தம்பபண்ணி' என்ற பெயராலேயே பாளி நூல்கள் இலங்கைத் தீவை அழைக்கின்றன. பெயரால் இத்துணை நெருங்கிய மண்ணில் 1987-இல் நம் நாட்டுப் படை நடத்திய போரைப் பற்றி நம் பங்குகளில் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை?

நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். 'அமைதி காக்கும் படை' என்ற பெயரோடு சென்ற நம் வீரர்களை யாழ்ப்பாண மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். மூன்று திங்கள் நிறைவுறுமுன் அமைதிப்படை போர்ப்படையாயிற்று. விடுதலைப் புலிகளுக்கு எதிராக 'பவன்' நடவடிக்கை தொடங்கியது. அக்டோபர் 11 நள்ளிரவையொட்டிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த படையினர் சுட்டதில் நோயாளர், தாதியர், மருத்துவர் என 60-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மறுநாள் காலை கைகளை உயர்த்தியவாறு வெளிவந்த குழந்தைநல மருத்துவரும் சுடப்பட்டு இறந்தார்.

இருதரப்புச் சூட்டின் நடுவே சிக்கி இறந்தனர் என்றது படைத்தலைமை. நோயாளியின் கட்டிலும் போர்க்களமாகலாம் என்றால், களமல்லாத இடம் எது? போருக்குப் போகும் காரணம் நீதியானதாக இருந்தால் மட்டும் போதாது. போரிடும் முறையும் நீதியானதாக இருத்தல் வேண்டும், ஆயுதம் ஏந்தாதோர் தாக்கப்படலாகாது என்பது திருச்சபையின் நெடுங்காலப் படிப்பினை. நம் கொடி ஏந்திய படை என்பதற்காக அப்படிப்பினைக்கு விலக்கு உண்டோ?

"புலிகள் மட்டும் தூயவரோ?" என்பர் சிலர். அல்லர். மாற்றுக் கருத்துடைய தமிழரையே அவர்கள் கொன்றனர். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் சிந்திய இரத்தத்தையும் நாம் மறக்கவில்லை. ஆயினும், ஒப்புரவு அருட்சாதனத்தில் அயலாரின் பாவங்களை அடுக்கித் தம் பாவத்துக்கு மன்னிப்புப் பெற்றவர் எவரும் உண்டோ?

மறுபுறம், அப்போரில் மாண்ட இந்திய வீரர் ஏறத்தாழ 1,200 பேர். தெரியாத மண்ணில், தெரியாத மொழியின் நடுவே மடிந்த உழவர் மக்கள் அவர்கள். 1990 மார்ச்சில் எஞ்சிய படை சென்னைத் துறைமுகம் வந்தடைந்தபோது நம் மாநில முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. ஈழத்தமிழர்பால் அன்புடையோர் வீரர்க்காக அழவில்லை. நாட்டின்பால் பற்றுடையோர் நோயாளர்க்காக அழவில்லை. அழுவதற்கும் கட்சி பார்க்கிற நெஞ்சில் கிறிஸ்து எங்ஙனம் குடியிருப்பார்?

தம்பி எங்கே என்று காயீனிடம் ஆண்டவர் கேட்டபோது, இறந்தவன் எக்கட்சி என்று வினவவில்லை. அக்கேள்வி இன்று நம்மை நோக்கி நிற்கிறது. நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்வோர் நம் பீடத்தருகே வந்து மண்டியிடுகின்றனர். அவர்தம் இறந்தோர் பெயரோ நம் மன்றாட்டுகளில் ஒலித்ததில்லை.

வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், நம் பங்குகளில் இரு திரிகள் ஏற்றுவோம். ஒன்று பல்கலைக்கழக வளாகத்தில் வீழ்ந்த வீரர்க்கு. மற்றொன்று மருத்துவமனையில் வீழ்ந்தோர்க்கு. இரண்டையும் ஒரே நெருப்பிலிருந்து ஏற்றுவோம். அதற்கு மனமில்லையெனில், திருப்பலியில் ஒருவருக்கொருவர் அமைதி கூறிக் கைகுவிப்பதை நிறுத்திவிடுவதே நேர்மை.