குறை மறைத்தலும் சீடத்துவமும்: வேதநாயக சாஸ்திரியார் வரலாற்றை முன்வைத்து ஒரு கருத்துரை

தமிழ்க் கிறித்தவ வாழ்க்கை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு நோக்கத்தோடு எழுதப்படுபவை. அடியார் ஒருவரின் வாழ்வைப் பயில்வோர் அவர்வழி நின்று சீடராதல் வேண்டும் என்பதே அந்நோக்கம். இது குறையன்று. ஆயின், பின்பற்றத்தக்க வாழ்வு குற்றமற்றதாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அதனோடு சேரும்போது வரலாறும் குன்றுகிறது, சீடத்துவமும் குன்றுகிறது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் பயின்று, இரண்டாம் சரபோசி மன்னரின் நட்பைப் பெற்று, 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடிய அவரைத் தமிழ்க் கிறித்தவ இசைமரபின் முன்னோடியாகப் போற்றுகிறோம். அவரே 1829ஆம் ஆண்டை ஒட்டிப் புதிய மிஷனரிமாரைக் கண்டித்து உரைநடையில் எழுதினார். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியமை, வழிபாட்டிலிருந்து தமிழ்ப் பாடல்களை விலக்கியமை, விழாக்களில் மலரை நீக்கியமை ஆகியவற்றைக் கடிந்த அவர், திருச்சபையில் சாதி வேறுபாட்டைக் களைய முற்பட்டதையும் அவற்றோடு சேர்த்தே கொடுமை எனக் கூறினார். சாதி உலகியல் வழக்கம். சமயப் பற்றுக்கு அது தடையன்று என்பது அவர் நிலைப்பாடு.

போற்றி எழுதுவோர் முன்னவற்றைப் பண்பாட்டு உரிமைக்குரலாக எடுத்துக்கொண்டு, இறுதியதை விட்டுவிடுவதுண்டு. ஆனால் இவை ஒரே வாதத்தின் கூறுகள். பாடலும் மலரும் சாதியும் அவருக்கு ஒருசேர மரபாகவே தோன்றின. மரபில் எதனை நற்செய்தி ஏற்கும், எதனை ஏற்காது என்பதே இன்றைய சீடர் முன்னுள்ள வினா. அவ்வினா மிகக் கூர்மையாக எழும் இடத்தையே நாம் வாசகரிடமிருந்து மறைக்கிறோம்.

இவ்வாறு மறைத்தல் சீடத்துவ இலக்கியத்தின் மூலமரபுக்கும் மாறானது. நற்செய்தி நூல்கள் நான்கும் பேதுருவின் மறுதலிப்பைப் பதிவு செய்கின்றன. அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு உண்பதினின்று பேதுரு விலகியதையும், பவுல் அவரை நேர்நின்று எதிர்த்ததையும் கலாத்தியர் திருமுகம் உரைக்கிறது. உடனுண்ணல் பற்றிய அச்சிக்கல் தஞ்சைத் திருச்சபையின் சிக்கலுக்கு எத்துணை அணுக்கமானது என்பது நோக்கத்தக்கது. இப்பதிவுகளால் பேதுருவின் பெருமை குறைந்துவிடவில்லை.

முற்காலத்தவரை இக்கால அளவுகோலால் அளத்தல் தகுமோ எனச் சிலர் வினவலாம். சாஸ்திரியார் பிறப்பதற்கு முன்னரே, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று 1752இல் ஆரல்வாய்மொழி அருகே கொல்லப்பட்ட தேவசகாயம், சாதி வேறுபாடு பாராது பழகியவராக நினைவுகூரப்படுகிறார். ஆகவே அவ்வளவுகோல் இக்காலத்தார் மட்டும் கண்டதன்று. 2022இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது அவர் பெயரிலிருந்த சாதிப் பின்னொட்டு நீக்கப்பட்டது. வழிபாட்டில் அது முறையே. வரலாற்றாசிரியரும் அதனை நீக்கிவிட்டாலோ, அவர் எதனைத் துறந்தார் என்பதே புலப்படாது போகும்.

எனவே, சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பதிப்பிப்போர் அவருடைய சாதி குறித்த உரைநடை எழுத்துகளையும் உரிய விளக்கத்தோடு உடன் பதிப்பித்தல் வேண்டும். அது அவரை இழிவுபடுத்துவதாகாது. அவர் பாடல்களைப் பாடிக்கொண்டே அவர் நின்றுவிட்ட இடத்தைக் கடந்து செல்ல வாசகரை அழைப்பதாகும்.