அருகில் ஒரு களம்

ஒரு வீரரின் வெற்றியைப் பாராட்டும்போது நாம் பெரும்பாலும் அவருடைய உழைப்பை மட்டுமே பேசுகிறோம். உழைப்பின்றி வெற்றி இல்லை என்பது உண்மையே. ஆயினும், அவ்வுழைப்பு தொடங்குவதற்கு ஓர் இடமும், தொடங்கி வைப்பதற்கு ஒருவரும் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தின் வாழ்க்கை இதனை நமக்கு நினைவூட்டுகிறது.

பாலாற்றங்கரையை ஒட்டிய இப்பகுதி தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. படைவீரர்கள் பலரை நாட்டுக்குத் தந்ததும் ஆகும். சதீஷின் தந்தையும் இராணுவத்தில் பணியாற்றியவர். பளுதூக்குதலில் தேசிய அளவில் பதக்கம் வென்றவர். பின்னர் வேலூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் காவலராக வேலை பார்த்தவர். செல்வம் கொழித்த குடும்பம் அன்று. ஆனால், அக்கலையின் நுணுக்கம் அறிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார்.

2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ எடைப்பிரிவில் சதீஷ் களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது 22. எடையை ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்தும் ‘ஸ்னாட்ச்’ முறையில் 149 கிலோ. தோள்வரை தூக்கிப் பின்னர் மேலே உயர்த்தும் ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ முறையில் 179 கிலோ. மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2015இல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. 2018இல் கோல்டு கோஸ்ட் போட்டிக்குத் தொடைக் காயத்துடன் சென்றும், 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் பெற்றார்.

‘திறமை இருந்தால் எப்படியும் வெளிப்பட்டே தீரும்’ என்பர் சிலர். அக்கூற்றை ஏற்பதற்கில்லை. பரந்த புல்வெளியும் பெரும் பொருட்செலவும் வேண்டும் கோல்ஃப் ஆட்டத்தையே எண்ணிப் பாருங்கள். தில்லித் திடலில் பிறர் ஆடுவதற்கான கோல்களைச் சுமக்கும் பணியாளராக இருந்தவர் அலி ஷேர். அவரே 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். அப்பட்டம் பெற்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரும் அவரே. சுமைதூக்கும் வேலைதான் அவருக்கு அத்திடலின் வாயிலைத் திறந்தது. அவ்வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிட்ட சிறுவர் எத்தனை பேரோ? அவர்களுடைய திறமையை அவர்களே அறிந்திருக்க மாட்டார்கள்.

விளையாட்டறிந்த தந்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. வீட்டில் கிடைக்காததைத் தரும் இடமாகப் பள்ளி இருத்தல் வேண்டும். ஆனால் நடப்பது என்ன? மேல்நிலை வகுப்புகளில் விளையாட்டுப் பாடவேளை வேறு பாடங்களுக்குக் கடனாகப் போகிறது; அக்கடன் திரும்புவதே இல்லை. தேர்வு முக்கியமன்று என்பது என் கருத்தன்று. வாரத்தில் ஓரிரு மணிநேரம் மாணவர் தம் உடலின் ஆற்றலைத் தாமே கண்டறியும் உரிமையைப் பறிக்கலாகாது என்பதே.

பளுதூக்குதலுக்குப் பரந்த வெளி தேவையில்லை. உறுதியான தளமும், இரும்புத் தண்டும், எடைத் தட்டுகளும், தவறாகத் தூக்கினால் தடுத்துத் திருத்தும் பயிற்றுநரும் கொண்ட ஒரு கூடம் போதும். ஊர்தோறும் அத்தகைய கூடத்தைக் கேட்பது பேராசை ஆகாது. பதக்கம் வென்றபின் வீரரை வரவேற்க மாலையோடு திரளும் நாம், பதக்கம் பெறாத பருவத்திலேயே அவருக்குக் களத்தைத் திறந்துவிட வேண்டும்.