கண்ணுக்கு ஒரு வடிகால்

தஞ்சை ஜில்லாவாசிகளுக்கு வடிகாலைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மட்டும் போதுமா? வடிகால் தூர்ந்தால் பயிர் அழுகிவிடுமே! கண்ணின் சமாசாரமும் அதுவே. கண்ணுக்குள் ஒருவித நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிகிறது. வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நலிகிறது. இதுதான் கிளாக்கோமா. பெரும்பாலும் வலியே இராது. ஓரப் பார்வை குறைவது நமக்குத் தெரிவதற்குள் நரம்பில் பெரும் பகுதி போய்விடும்.

1832-ல் காலமான சரபோஜி மன்னர் கண் நோயாளிகளைப் பற்றிச் சித்திரங்களுடன் எழுதுவித்த குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. நாமோ மூக்குக்கண்ணாடி உடைந்தாலன்றிக் கண் வைத்தியரிடம் போவதில்லை!

சொட்டு மருந்துக்கும் வழக்கமான சஸ்திர சிகிச்சைக்கும் வசப்படாத கண்ணில், சிலிகான் குழாயுடன் கூடிய தகடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அயல்நாட்டுத் தகட்டின் விலை ஏழைகளுக்கு எட்டாதது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த அரோலாப் 2013-ல் சுதேசித் தகடு ஒன்றை மலிவாக அளித்தது. அதன் பரப்பு 350 சதுர மில்லிமீட்டர். அதில் அடைப்பான் கிடையாது. புது மதகை ஒரேயடியாகத் திறந்தால் கரை தாங்குமா? ஆகையால் குழாயைக் கரையும் நூலால் இறுகக் கட்டிவிடுகிறார்கள். ஐந்தாறு வாரங்களில் தகட்டைச் சுற்றிச் சவ்வு வளர்கிறது, நூலும் கரைகிறது, நீர் வடியத் தொடங்குகிறது.

இழந்த பார்வையை இத்தகடு மீட்டுத் தராது, எஞ்சியதையே காக்கும். தகப்பனாருக்கோ தாயாருக்கோ இந்நோய் இருந்தால், பிள்ளைகள் 40 வயதுக்குள்ளாகவே கண் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்வது அவசியம்.