காரத்தில் கரையும் கறுப்பு

பஃபலோ ரோட்டுப் பூக்கடைகளில் கழித்துப்போடும் வாழையிலையை மண்ணில் புதைத்தால், சிங்கப்பூர் வெக்கையிலும் மழையிலும் சில மாதங்களில் இலை என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. அந்த வட்டாரமே ஒருகாலத்தில் ரோச்சோர் ஆற்றையொட்டிய சதுப்பு.  நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் கிழக்குக் கரையில், மரத்தண்டும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கி முடியாமல் பல மீட்டர் ஆழத்துக்குப் பீட்டாகக் கிடக்கின்றன. அதே வெயில்தான், அதே மழைதான்.

பிறகு ஏன் இந்த வேறுபாடு? மண்ணியலில் நாம் படித்த விடை மூலக்கூறின் அமைப்பைச் சுட்டுகிறது. லிக்னினும் புரதமும் பின்னிப் பிணைந்து, நுண்ணுயிர்கள் எளிதில் தொடமுடியாத பெரிய மூலக்கூறுகளாகி நிலைக்கின்றன என்றார் செல்மன் வாக்ஸ்மன், 1930களில். அவர் கையிலிருந்த பொருள் பெரும்பாலும் காரச் சாறு. பீட்டைக் காரத்தில் ஊறவைத்து அதை முதலில் எடுத்தவர் ஃபிரான்ஸ் ஆச்சார்ட், 1786இல்.

இன்றும் நாம் செய்வது கிட்டத்தட்ட அதுதான். சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிய மண்குழம்பு கன்னங்கரேலென்று ஆகிவிடும். வடித்த சாற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, பி.எச். 1ஐ நெருங்கும்போது கறுப்புத் திரிகள் திரண்டு அடியில் இறங்கும். மேலே நிற்பது தே ஓ நிறத்தில் தெளிந்த நீர். படிந்ததை ஹியூமிக் அமிலம் என்கிறோம், கரைந்து நிற்பதை ஃபுல்விக் அமிலம் என்கிறோம், காரத்துக்கு மசியாததை ஹியூமின் என்கிறோம். மூன்றும் கரைதிறன் தந்த பெயர்கள். பயிர் விளையும் எந்த மண்ணும் பி.எச். 13ஐ எட்டுவதில்லை, அந்தக் காரத்தில் எஸ்டர் பிணைப்புகள் அறும், அமிலத் தொகுதிகள் அயனியாகும். மண்ணில் இல்லாத ஒன்றைக் குடுவையில் உண்டாக்கிவிட்டு அதற்கு அமைப்பு வரைந்துகொண்டிருந்தோமோ என்ற கேள்வியை யோஹன்னஸ் லேமனும் மார்க்குஸ் கிளெபரும் 2015இல் ‘நேச்சர்’ இதழில் உரக்கக் கேட்டார்கள். மண்ணில் இருப்பது பல அளவுகளில் சிதைந்துகொண்டிருக்கும் செடி, நுண்ணுயிர் எச்சங்களின் தொடர்ச்சி என்பது அவர்கள் வாதம். மைக்கேல் ஹேய்ஸ், ரோஜர் ஸ்விஃப்ட் போன்ற மூத்தவர்கள் இதை ஏற்கவில்லை. உலோகங்களைப் பிணைக்கும் ஆற்றலை அளக்கக் காரச் சாறு இன்னும் நல்ல கருவிதான் என்பதை நானும் மறுக்கமாட்டேன்.

ஆனால் லேமன், கிளெபர் வாதத்துக்கு நம் கடலே ஒரு சான்று வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ராவின் கறுப்பு ஆறுகள் கடலில் சேர்த்த பீட் கரிமம் சிங்கப்பூர் நீரிணைக்கு வந்துசேர்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென் தீவுகளை ஒட்டி நீரெடுத்து அளந்தார்கள். கரைந்துவந்த நிலக் கரிமத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு, இங்கு வருமுன்பே கரியமில வாயுவாக மாறியிருந்தது. அதனால் கடல்நீரின் அமிலத்தன்மையும் கூடியிருந்தது. சதுப்பில் ஆயிரம் ஆண்டுகள் தாங்கிய பொருள், ஆக்சிஜனும் வெயிலும் பட்டதும் சிதைந்துபோகிறது. அதைக் காத்தது மூலக்கூறின் முறுக்கு மட்டுமென்றால் இது நடந்திருக்காது. நீர் தேங்கிய, மூச்சற்ற, புளித்த அந்தச் சேறுதான் காத்தது.

ஆகவே இனி இந்த இதழில் வரும் கட்டுரைகளில் “ஹியூமிக் அமிலம்” என்று எழுதுவோர், எந்தச் செறிவுள்ள காரம், எத்தனை மணி நேரம், நைட்ரஜன் சூழலிலா என்பதையும் அதே வரியில் எழுதவேண்டும். மண்ணை எடுத்த இடத்தின் நீர்மட்டமும் வேண்டும்.