சிறந்த முதல்வர் யார் என்று சுந்தரலிங்கம் பேருந்தைக் கேட்போம்

ஜூலை 15 வந்தால் எங்கள் மாவட்டத்தில் கரைவேட்டிகளுக்கு நிற்க நேரம் இருக்காது. விருதுநகரில் காமராஜர் நினைவு இல்லத்தில் எல்லாக் கட்சியும் மாலையோடு வரும். எல்லாக் கட்சியும் 'காமராஜர் ஆட்சி அமைப்போம்' என்று சொல்லும். பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள் நடக்கும். சாயங்காலம் சிவகாசிப் பக்கத்துக் காலனி ஒன்றில் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்திலும் அதே பேச்சுதான் கிளம்பும். தமிழ்நாட்டின் சிறந்த முதல்வர் யார்? காமராஜரா, அண்ணாவா, கலைஞரா, எம்.ஜி.ஆரா, ஜெயலலிதாவா? சண்டை முற்றினால் டீ ஆறிப்போகும்.

போன முறை ஒரு தம்பி கைபேசியோடு வந்தார். அமெரிக்காவில் சி-ஸ்பான் என்ற தொலைக்காட்சி வரலாற்றாசிரியர்களைக் கேட்டு அதிபர்களுக்கு மதிப்பெண் போடுகிறது. அளவுகோல்கள் பத்து. அவற்றில் ஒன்று, எல்லோருக்கும் சமநீதி கிடைக்க அவர் முயன்றாரா என்பது. 2021 பட்டியலில் லிண்டன் ஜான்சன் மொத்தத்தில் 11-வது இடம். சமநீதி என்ற அந்த ஒரு வரிசையில் மட்டும் லிங்கனுக்கு அடுத்த இடம். "அண்ணே, நாமளும் இப்படி மார்க் போடலாம்ல?" என்றார் தம்பி.

போடலாம். ஆனால் அந்தப் பத்து அளவுகோலும் நமக்கு வேண்டாம். நமக்கு ஒன்று போதும். தலித்துகளுக்கு நியாயம் செய்தால் ஆதிக்க சாதி கோபப்படும், ஓட்டு போகும் என்று தெரிந்த நாளில் அந்த ஆட்சியாளர் என்ன செய்தார்? திட்டங்களை இந்தக் கேள்விக்குள் கொண்டுவர வேண்டாம். திட்டம் எல்லோருக்கும் கொடுக்கப்படுவது, அதற்கு யாரும் கோபப்படுவதில்லை.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்ச காலத்தில் அமெரிக்க ஏழைகளைத் தூக்கி நிறுத்தியவர் என்று புகழப்படுபவர். அவர் 1935-ல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் சேர்க்கப்படவில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். கறுப்பர்களை அடித்துக் கொல்லும் கும்பல் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்கும் அவர் தோள் கொடுக்கவில்லை. தெற்கத்தி வெள்ளை உறுப்பினர்களின் ஓட்டு அவருக்கு வேண்டியிருந்தது. ஜான்சன் அதே தெற்கிலிருந்து, அதே கட்சியிலிருந்து வந்தவர். 1964-ல் குடிமை உரிமைச் சட்டத்தையும் 1965-ல் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றினார். அவர் கட்சி தெற்கில் தன் கோட்டையை இழந்தது. அதே மனிதர்தான் வியட்நாமில் குண்டு மழை பொழிந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. நாம் யாருக்கும் கோயில் கட்டப் போவதில்லை.

இந்த அளவுகோலோடு ஊருக்கு வருவோம். காமராஜரை இதில் நிறுத்தினால் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், அதுவும் விருதுநகரில். 1954-ல் பதவிக்கு வந்ததும் குலக்கல்வித் திட்டத்தைக் குப்பையில் போட்டார். 1956-ல் மதிய உணவு தொடங்கியது. எங்கள் அம்மா அப்பா தலைமுறை பள்ளிக்கூட வாசலை மிதித்ததற்கு இவையே காரணம். அவருடைய 1954 அமைச்சரவையில் இந்து அறநிலையத் துறை பி. பரமேஸ்வரன் என்ற தலித் அமைச்சரிடம் இருந்தது. கோயில் நுழைவுச் சட்டம் வந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. நேற்று வரை உள்ளே விடாத கோயில்கள் அவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. இதைக் கலைஞர் ரசிகர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காமராஜருக்கு உண்மையான தேர்வு 1957 செப்டம்பரில் வந்தது. முதுகுளத்தூர் அன்று நம் விருதுநகரைப் போலவே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில் இமானுவேல் சேகரன் தலைவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதே செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவில், லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்களைக் கூட்டிச் செல்ல அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 28 அன்று, காமராஜர் அரசு முத்துராமலிங்கத் தேவரைக் கைது செய்தது. தென் மாவட்டங்களில் அவர் பெயரைச் சொல்லவே அதிகாரிகள் யோசித்த காலம் அது. ஆகவே காமராஜர் பாஸ் என்று ஒரு தங்கை உடனே முடித்துவிட்டார்.

அவ்வளவு சுலபம் இல்லை, தங்கை. தேவர் ஃபார்வர்டு பிளாக்கின் தலைவர், காங்கிரசின் நேர் எதிரி. அவரைக் கைது செய்ததில் காமராஜர் இழந்த காங்கிரஸ் ஓட்டு எவ்வளவு? இன்னொன்றும் இருக்கிறது. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறை ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்கள் மறவர்கள். நம் தரப்புக்காக நடந்தது என்று அதை நாம் கொண்டாட முடியாது. நீதிமன்றத்தில் நிறுத்தாமல் சுடும் துப்பாக்கி பின்னால் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை 1999-ல் தாமிரபரணிக் கரையில் பார்த்தோம். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர் செத்தார்கள். 2011-ல் அதே இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியிலும் பார்த்தோம். காமராஜருக்கு மதிப்பெண் உண்டு, முழு மதிப்பெண் இல்லை. 1967-ல் இதே விருதுநகர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் அவரைத் தோற்கடித்தது தனிக் கதை. அதற்குக் காரணம் இந்தியும் அரிசியும்தான், நாம் இல்லை.

அண்ணா ஆட்சியில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973-ல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தபோது அவருடைய கட்சிதான் ஆண்டுகொண்டிருந்தது. ஜெயலலிதாவுக்குக் கொடியங்குளம் 1995, பரமக்குடி 2011. இந்த இரண்டைச் சொன்ன பிறகு நமக்கு வாதிட ஒன்றுமில்லை.

கலைஞர் விஷயத்தில்தான் நாம் ரொம்ப நேரம் சண்டை போட்டோம். அது எங்கள் மாவட்டத்துக் கதை, இளைய தோழர்கள் பலருக்குத் தெரியாத கதை.

1997 வரை இது காமராஜர் மாவட்டம். 1985-ல் பிறந்தபோதே அந்தப் பெயர்தான். அன்று பேருந்துகளுக்கும் தலைவர்கள், மன்னர்களின் பெயர் இருந்தது. பாண்டியன், கட்டபொம்மன், சேரன், சோழன். யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளையனை எதிர்த்துச் செத்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்குக் கலைஞர் அரசு வைத்தது. சுந்தரலிங்கம் தேவேந்திரர். அவ்வளவுதான். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். பஸ்ஸை உடைத்தார்கள். ஊர் ஊராகக் கலவரம் பரவியது, உயிர்கள் போயின.

அரசு எடுத்த முடிவைப் பாருங்கள். சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுத்தால் அசிங்கம் என்று எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் எடுத்தது. மாவட்டப் பெயர்களும் போயின. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. ஒரு தலித் வீரனின் பெயரைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார மறுத்தவர்களுக்காகக் காமராஜரின் சொந்த மாவட்டத்திலிருந்து காமராஜர் பெயரே எடுக்கப்பட்டது! ஒவ்வொரு ஜூலையிலும் மாலை போடுகிறவர்கள் யாரும் இதைப் பேசி நாம் கேட்டதில்லை.

அந்தப் பெயரை வைத்ததும் கலைஞர்தானே என்று ஒரு தோழர் கேட்டார். உண்மை. மற்றவர்களுக்கு வைக்கவே தோன்றவில்லை. சமத்துவபுரம் அவருடையது, 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடும் அவருடையது. அந்த 3 சதவீதத்தால் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் இந்த வட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டு போகும் என்று தெரிந்த நாளில் என்ன செய்தார் என்பது நம் கேள்வி. பெயரை வைத்தார், அடி விழுந்ததும் எடுத்தார். சட்டம் கையில் இருந்தது, காவல்துறை கையில் இருந்தது. ஏற மாட்டேன் என்பவன் நடந்து போகட்டும் என்று சொல்ல ஒரு முதல்வருக்கு என்ன தடை? லிட்டில் ராக்கில் ஐசனோவர் கறுப்பர்கள் மேல் காதல் கொண்டு ராணுவத்தை அனுப்பவில்லை. நீதிமன்றத் தீர்ப்பைக் கூட்டம் மிதிப்பதை அனுமதித்தால் நாளை அரசே இல்லை என்ற கணக்கு அது. அந்தக் கணக்குகூட நம் ஊரில் போடப்படவில்லை.

நமக்குள் இன்னும் கருத்து வேற்றுமை இருக்கிறது. 1957-ஐ வைத்துக் காமராஜரே மேல் என்கிறவர்கள் பாதி. 2009-ஐ வைத்துக் கலைஞர் என்கிறவர்கள் மீதி. எழுதும் நாங்கள் காமராஜர் பக்கம் கொஞ்சம் சாய்கிறோம், தயக்கத்தோடுதான்.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா பயர் ஆபீசிலிருந்து வந்தார். அவர் சரவெடி பின்னுகிறவர். ஒரு அறைக்கு நான்கு பேர் என்பது விதி, குத்தகைக்கு விட்ட ஆலைகளில் அந்த விதி சுவரில் மட்டும் இருக்கும். 2012-ல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் செத்த அன்று அவரும் வேலையில்தான் இருந்தார், வேறு ஆலை. கையில் அலுமினியப் பவுடர் போகாமல் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே நாம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்க சொல்லுங்கக்கா, யாரு நல்ல முதலமைச்சர் என்று தங்கை கேட்டார்.

"அது எனக்கு என்னம்மா தெரியும். அந்த சுந்தரலிங்கம் பஸ்ஸு கலவரத்தப்போ நான் ஏழாப்பு. பஸ்ஸு ஓடல. ரெண்டு வாரம் நடந்தே போனோம். ரோட்ல போனா அடிப்பாங்கன்னு எங்கம்மா நிப்பாட்டிருச்சு. தீப்பெட்டி ஆபீஸ் வேன் மட்டும் விடியக்காலம் காலனிக்குள்ளயே வந்துச்சு. அதுல ஏறிட்டேன்."

தோழர்கள் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு கேள்வி கேட்டு வாருங்கள். 1997-ல் உங்கள் தெருவில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் யார் யார், எந்த வகுப்பில் விட்டார்கள்? பெயர் வேண்டாம், வயதும் வகுப்பும் போதும். அடுத்த சந்திப்பில் முதலில் அந்தத் தாளை எடுத்து வைப்போம், முதல்வர்களுக்கு மதிப்பெண் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.